படுத்த இடத்தில் பார்த்த நாடி

டாக்டர்,

இன்று காலை தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனையில் என் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார்கள். ரப்பர், ஸ்பிரிட், பலர் கைபட்ட துணி, மூன்றும் கலந்த அந்த வாசனை வந்தவுடன் யாரோ உங்கள் தோல்பையைத் திறந்துவிட்ட மாதிரி இருந்தது. நீங்கள் மறைந்து இன்னும் நாற்பது நாள் ஆகவில்லை.

அழுத்தம் கொஞ்சம் கூடுதல் என்று சொல்லிவிட்டு, உள்ளே இருந்த இளம் டாக்டரம்மா ஒரு வழவழப்பான துண்டுப் பிரசுரம் கொடுத்தார். அதில் வரப்பின் மேல் சம்மணம் போட்டுக் கண்ணை மூடியிருக்கும் ஒரு விவசாயி. வேட்டியில் ஒரு பொட்டுச் சேறு இல்லை. தியானம் செய்தால் இரத்த அழுத்தம் இறங்கும், கோபம் தணியும், மனநிறைவு கூடும், எல்லாம் ஆராய்ச்சியில் நிரூபணமானது என்று கீழே அச்சடித்திருந்தார்கள். "கோபத்தக் குறைச்சுக்குங்க அய்யா. தினம் இருபது நிமிஷம் அமைதியா உக்காருங்க," என்றார் டாக்டரம்மா.

எந்த ஆராய்ச்சி, எத்தனை பேரை வைத்து, எத்தனை நாள், யார் பணத்தில் என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. பிரசுரத்திலும் இல்லை. பேசியதில் அழுத்தம் ஏறியிருக்கும், மறுபடி அளந்து பார்க்கலாமா என்று கேட்டார். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

நிருபராக இருந்த காலத்தில் அந்த நான்கு கேள்விகளை நான் முதன்முதலில் கேட்டது உங்களிடம்தான். நான்குக்கும் பதில் சொன்னீர்கள். நான்காவதற்குச் சொன்ன பதிலை இன்னும் அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். "பண்ணையோட அறக்கட்டளைப் பணம். தாராளமா எழுதிக்குங்க. ஆனா நாடி அவங்களோடது இல்ல."

குத்தாலத்திலிருந்து தெற்கே போகிற சாலையில் இறங்கி, வாய்க்கால் கரையோடு இரண்டு மைல் நடந்தால் வருகிற ஊர் அது. பெயரை இப்போதும் எழுதப் போவதில்லை. நீங்கள் வருவதற்கு முந்தைய இரண்டு அறுவடையிலும் அங்கே கூலித் தகராறு. உள்ளூர் ஆட்களை நிறுத்திவிட்டு வெளியூர் ஆட்களை வயலில் இறக்கினார்கள். சங்கத்துக் கொடிக்கம்பத்தை ஒருமுறை வெட்டினார்கள். பள்ளிக்கூடக் கட்டடத்தில் போலீஸ் தங்கியிருந்தது. ஊர் நிலத்துக்கெல்லாம் சொந்தக்காரரான பெரிய பண்ணை, கதர் சட்டையை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு ஆளும் கட்சியின் கரை வேட்டிக்கு மாறி அப்போதுதான் கொஞ்ச நாள் ஆகியிருந்தது. மேடையில் ஏறினால் ஏழைகளின் அரசு என்று பேசுவார். மேடையை விட்டு இறங்கினால், கூலி ஆட்கள் வாழும் கீழத்தெருவின் குடிசைகள் நிற்பது என் நிலத்தில் என்பார்.

வெளிநாட்டில் தியானத்தை மருத்துவர்கள் அளந்து பார்க்கிறார்கள் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். கூலி கேட்பது ஒரு நோய், அதற்குப் போலீஸ் மருந்து கேட்கவில்லை, மூச்சுப் பயிற்சி கேட்குமா பார்க்கலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். மருத்துவக் கல்லூரியில் இந்தத் துறையில் ஆர்வம் உள்ளவர் யார் என்று விசாரித்தபோது உங்கள் பெயர் கிடைத்திருக்கிறது. கடற்கரைப் பக்கத்து ஊரில், பர்மாவில் கடை வைத்திருந்து திரும்பிய முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை நீங்கள். பண்ணையின் காரியஸ்தர் முதல் நாளே அதைக் குத்திக் காட்டினார். தொழுகையை விட்டுவிட்டு பாய் தியானத்துக்கு வந்துவிட்டாரே என்றார். நீங்கள் நிமிராமல், "தொழுதுட்டுதான் வந்தேன் காரியஸ்தர். இங்க வந்தது அளக்க," என்றீர்கள்.

எப்படி அளந்தீர்கள் என்பதை இங்கே ஒழுங்காகச் சொல்ல வேண்டும். பின்னால் நடந்த எல்லாம் அதிலிருந்துதான் வந்தது.

கீழத்தெருவில் இரண்டு வரிசை வீடுகள். ஒரு வரிசை ஆட்கள் சாயங்காலம் வேலை முடிந்ததும் பண்ணைக் களஞ்சியத்து வாசலுக்கு வந்து, கண்ணை மூடி, மூச்சை எண்ணி இருபது நிமிடம் உட்கார வேண்டும். எதிர் வரிசை எப்போதும்போல் இருக்கும். இரண்டு வரிசையின் நாடியையும் அழுத்தத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பது திட்டம். நடந்தாலோ, பேசினாலோ, ஒரு வாய் டீ குடித்தாலோ நாடி மாறிவிடும் என்பதால், அதை விடியற்காலையில், ஆள் எழுந்திருக்கும் முன்பே, படுத்த பாயிலேயே பார்த்தாக வேண்டும் என்பது உங்கள் விதி. ஆகவே நீங்கள் அந்த ஊரிலேயே தங்கினீர்கள். கருக்கலில் நீங்களும் கூட வந்த நர்ஸம்மாவும் வீடு வீடாகக் குனிந்து நுழைவீர்கள். பெண்களுக்கு நர்ஸம்மா, ஆண்களுக்கு நீங்கள். பெரிய பதிவேட்டில் நாள், எந்த வரிசை, எத்தனையாவது வீடு, யார், நாடி எவ்வளவு. மாதம் ஒருமுறை ஒரு கேள்வித்தாள். தூக்கம் எப்படி, பசி எப்படி, கோபம் வருகிறதா, யார் மேல் வருகிறது.

தை மாதத்தில் தொடங்கியது. முதல் வாரமே காத்தாயி ஒரு வார்த்தை சொன்னார். நடவுக்குப் போகிற பெண்களுக்கெல்லாம் முன்னால் நிற்பவர் அவர். முப்பது வயது இருக்கும். நீங்கள் மூச்சை எப்படி எண்ணுவது என்று விளக்கிக்கொண்டிருக்கும்போது, அந்த வாசலில் தான் உட்கார்ந்திருக்கிற தரையைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"எங்க மாமனார் காலத்துலேருந்து இந்த வாசல்ல நின்னுதான் பழக்கம். இங்க உக்கார வச்சாலே எங்களுக்குப் பாதி நோவு போயிரும் டாக்டரய்யா. கண்ண வேற மூடணுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டீர்கள். அடுத்த வாரம் எதிர் வரிசையையும் சாயங்காலம் வரச் சொன்னீர்கள். தியானம் வேண்டாம், கண்ணைத் திறந்தபடி சும்மா உட்கார்ந்திருந்தால் போதும் என்றீர்கள். சும்மா உட்காருவதற்கா பண்ணை பணம் கொடுக்கிறது என்று காரியஸ்தர் குதித்தார். தியானம் வேலை செய்கிறதா அல்லது உட்காருவது வேலை செய்கிறதா என்று தெரியாமல் நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்றீர்கள்.

இரண்டு வரிசைக்கும் நாடி இறங்கியது. முதலில் கண் மூடியவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாக இறங்கியது. பங்குனி பிறந்தபோது அந்த வித்தியாசமும் மறைந்துவிட்டது. நீங்கள் தூக்கமில்லாமல் ஏட்டைப் புரட்டிக்கொண்டிருந்தீர்கள். காரணம் உளுந்து பறிக்கிற வயலில் தெரிந்தது. கண் மூடுகிற வரிசைப் பெண்கள், சும்மா உட்காருகிற வரிசைப் பெண்களுக்கு மூச்சு எண்ணுவதை முழுசாகக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். அவர்களும் இரண்டு வாரமாகக் கண்ணைத் திறந்தபடியே உள்ளுக்குள் எண்ணிக்கொண்டிருந்தார்கள், உங்களுக்குத் தெரியாமல். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டபோது காத்தாயிக்குக் கேள்வியே விளங்கவில்லை.

"எதுத்த வீட்டுக்காரி நெஞ்சு அடைக்குதுங்குறா. எனக்குச் சொல்லிக் குடுத்தத நான் மட்டும் எப்படி மூடி வச்சிக்கிறது?"

தலையில் கையை வைத்துக்கொண்டீர்கள். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தீர்கள். அன்றைய குறிப்பில் எழுதியதை, நாம் பழகிய பிறகு எனக்குப் படித்துக் காட்டினீர்கள். ஒப்பீட்டுக் குழு கெட்டுவிட்டது, காரணம் இந்தத் தெருவில் எதையும் தனியாக வைத்துக்கொள்வதில்லை.

ஆனால் உங்களை உண்மையில் பிடித்து நிறுத்தியது அந்தக் கேள்வித்தாள். பண்ணை எதிர்பார்த்தது அதில்தான் இருந்தது. தை மாதம் யார் மேல் கோபம் என்று கேட்டதற்குக் காத்தாயி, எல்லார் மேலேயும்தான், புருஷன் மேல, பிள்ளைகள் மேல, மழை மேல என்று சொல்லியிருக்கிறார். வைகாசியில் அதே கேள்வி. தூக்கம் வருகிறது, பிள்ளைகளை அடிப்பதில்லை, தலைவலி போய்விட்டது. கோபம்? "காரியஸ்தர் மேல. எங்க மனைய எங்க பேருக்கு விடாம புடிச்சி வச்சிருக்காருல்ல, அதுக்கு." தெரு முழுக்க அப்படித்தான் ஆகியிருந்தது. நாடி இறங்கியிருந்தது. கோபம் ஊரெல்லாம் அலையாமல் ஓர் இடத்தில் வந்து நின்றிருந்தது. இதைச் சொல்லும்போது உங்கள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை, பிற்பாடு நீங்கள் பேரப்பிள்ளை பிறந்த செய்தி சொன்ன நாளில்தான் மறுபடி பார்த்தேன்.

இந்த இடத்தில் நான் செய்ததைச் சொல்ல வேண்டும். பல வருடம் நாம் இருவரும் இதைத் தொடாமலேயே பேசிப் பழகிவிட்டோம்.

ஆடி மாதம் ஒரு சாயங்காலம் முதன்முறையாக அங்கே வந்து, களஞ்சியத்து வாசலில் எல்லோரும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுப் போய் ஒரு செய்தி எழுதினேன். சண்டை போட்ட ஊரில் தியானம், அமைதி திரும்புகிறது என்று தலைப்பு. தலைப்பு ஆசிரியர் போட்டது. ஆனால் நடுவில் இருந்த ஒரு வரி நான் எழுதியது. "சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து தொழிலாளர்கள் தினமும் இங்கு வந்து கூடுகிறார்கள்." வாய்க்கால் கரையில் அவர்கள் வரிசையாக வருவதைப் பார்த்தேன். எங்கிருந்து வருகிறார்கள் என்று கேட்டேன். கேட்டது காரியஸ்தரிடம். அவர் கை நீட்டிய திசையை அப்படியே எழுதினேன். வந்தவர்களில் ஒருவரையும் கேட்கவில்லை. அவர்கள் வயலிலிருந்து வந்துகொண்டிருந்தார்கள், டாக்டர். வீடு வாய்க்காலுக்கு இந்தப் பக்கம், நான் நின்ற இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது.

குடியிருப்பு மனைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அந்த வரி எழுந்து நின்றது. சட்டம் ஒரு நாளைக் குறித்தது. அந்த நாளில் விவசாயத் தொழிலாளி எந்த மனையில் குடியிருந்தாரோ, அந்த மனை அவருக்கு. நிலம் யாருடையது என்ற கேள்வி கிடையாது. கீழத்தெருவுக்கு அதைவிடப் பெரிய செய்தி அதுவரை வந்ததில்லை. எதிர்த்துப் பேசினால் குடிசையைப் பிரித்துக்கொண்டு போ என்பதுதான் பண்ணையின் கடைசி ஆயுதம். அது பிடுங்கப்படும். பண்ணையின் வக்கீல் மனுப் போட்டார். அங்கே இருப்பவை வீடுகளே அல்ல, களத்துக் கொட்டகைகள், ஆட்கள் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து வந்து போகிறவர்கள். கிராமக் கணக்கிலும் அங்கே வீடு என்று ஒன்று இல்லை. அது யார் சொல்லி எழுதிய கணக்கு என்பது ஊருக்கே தெரியும், ஆனால் எழுத்து எழுத்துதானே. கூடவே என் செய்தியை வெட்டி ஒட்டியிருந்தார்கள். நடுநிலையான பத்திரிகையே சொல்கிறது என்று.

அந்த மனுவின் நகலை எடுத்துக்கொண்டு கும்பகோணத்தில் என் அலுவலகத்துக்கு வந்தீர்கள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. சத்தம் போடவும் இல்லை. "நீங்க சாயங்காலம் வந்தீங்க. விடியக்காலை வந்திருக்கணும்," என்றீர்கள். அவ்வளவுதான்.

திருத்தம் போடச் சொல்லி ஆசிரியரிடம் போனேன். ஒரு வரிக்கெல்லாம் திருத்தம் போட்டால் பத்திரிகை நடத்த முடியாது என்றார். நான் வாதாடினேன். ராஜினாமா செய்யவில்லை. குடும்பம் இருந்தது என்பது காரணம், அதை நியாயம் என்று சொல்ல மாட்டேன்.

அந்த வரிக்கு உங்களிடம் மாற்று மருந்து இருந்தது. அதை உங்களுக்கு முன்பே பண்ணை கண்டுபிடித்துவிட்டது என்பதுதான் வேடிக்கை. ஆராய்ச்சியை முடித்து நீங்கள் திரும்பியிருந்த கல்லூரிக்கே காரியஸ்தர் வந்து, பண்ணை பணத்தில் வாங்கிய ஏடு, திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டார். ஏன் இந்த அவசரம் என்று யோசித்துவிட்டு நீங்கள் ஏட்டைத் திறந்து பார்த்தீர்கள். சட்டம் குறித்த அந்த நாளின் பக்கத்தைத் தேடினீர்கள். மேட்டூர் தண்ணீர் வாய்க்காலுக்கு வந்து குறுவை நடவு தொடங்கிய வாரம். பக்கம் இருந்தது. இரண்டு வரிசை, வீடு வீடாக, பெயர் பெயராக, அவரவர் படுத்திருந்த இடத்தில். மறுநாள் கடைக்குப் போய் அதே அளவில் புது ஏடு ஒன்று வாங்கி வந்து காரியஸ்தர் கையில் கொடுத்தீர்கள்.

"பண்ணை வாங்கிக் குடுத்தது எழுதாத ஏடு. இந்தாங்க, எழுதாத ஏடு."

ஆனாலும் நீங்கள் நேராகத் தாசில்தாரிடம் ஓடவில்லை. இதில் எழுதுவதை யாருக்கும் காட்ட மாட்டேன் என்று தொடக்கத்தில் ஒவ்வொருவரிடமும் சொல்லியிருந்தீர்கள். ஆகவே மறுபடி வீடு வீடாகப் போய்க் கேட்டீர்கள். இந்த முறை என்னையும் விடியற்காலையில் அழைத்துப் போனீர்கள். எல்லோரும் சரி என்றார்கள். ஒரு பெரியவர் மட்டும் தயங்கினார். தன் நெஞ்சு படபடப்பு அதில் இருக்கிறது, வெளியே தெரிந்தால் நாளைக்கு எவனும் வேலைக்குக் கூப்பிட மாட்டான் என்றார். நீங்கள் அங்கேயே முடிவு செய்தீர்கள். அன்று மதியம் நாம் இருவரும் காக்கிக் காகிதத்தை நீள நீளமாக வெட்டி, மைதா பசையைத் தடவி, நாடியும் அழுத்தமும் எழுதியிருந்த பத்திகளைப் பக்கம் பக்கமாக மூடினோம். நாளும் வீடும் பெயரும் மட்டும் தெரிந்தன. முக்கால் வருட ஆராய்ச்சி காகிதத்துக்கு அடியில் போனது. வேறு நகல் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றீர்கள், பசை கையைத் துடைத்துக்கொண்டே.

அன்றுதான் சின்னையன் விஷயம் வந்தது. முதல் வரிசையில் நான்காவது வீடு. பட்டுக்கோட்டைப் பக்கம் தேங்காய் உரிக்கப் போயிருந்தார், பெண்டாட்டி பிள்ளைகளோடு. சட்டம் குறித்த நாளை ஒட்டி எட்டு நாள் அந்த வீட்டுக்கு நேரே வெற்றிடம். அதற்கு முன்னாலும் பின்னாலும் அவர் பெயர் இருந்தது. காத்தாயி ஏட்டை எட்டிப் பார்த்துவிட்டு, அந்த இடத்தில் பேரை எழுதிவிடுங்கள் என்றார். நீங்கள் மாட்டேன் என்றீர்கள்.

"ஒரு பேரு எழுதுறதுல என்னய்யா வந்துரும்? அவன் வீடு அதான். ஊருக்கே தெரியும்."

"தெரியும்மா. எனக்கும் தெரியும். ஆனா அன்னிக்கு நான் அவர் கையத் தொடல. பாக்காத நாடிய எழுதினேன்னு வைங்க, பாத்ததெல்லாம் பொய்யாயிரும்."

"எங்க எல்லாருக்கும் குடுத்துட்டு அவன மட்டும் தெருவுல விடச் சொல்றீங்களா?"

நீங்கள் ஏட்டை மூடினீர்கள். அந்தத் தெருவில் யாரும் உங்களிடம் முகம் கொடுத்துப் பேசாத ஒரு காலம் இருந்தது. நர்ஸம்மாவிடம்கூடப் பேசவில்லை. எழுதியிருக்கலாமே என்று நானும் நினைத்தேன், உங்களிடம் சொல்லவில்லை. எழுதாமல் விட்டது சரி என்று இன்று நினைக்கிறேன். ஆனாலும் அது எனக்கு எளிதான சரியாக இன்றுவரை ஆகவில்லை.

விசாரணை நாள். தாலுகா ஆபீஸ் வராந்தா. கீழத்தெரு முழுவதும் விடியும் முன்பே கிளம்பி நடந்தே வந்திருந்தது. வழக்கமாக இடுப்பில் துண்டோடு சுவர் ஓரம் நிற்பவர்கள், அன்று வராந்தாவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். யாரும் சொல்லிச் செய்ததில்லை. பழகியிருந்தார்கள். காரியஸ்தர் அவர்களைத் தாண்டி உள்ளே போக வழியில்லாமல் வெகுநேரம் படியில் நின்றார்.

முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். அந்த வரியை எழுதும் முன் நான் அந்த ஊரில் குடியிருக்கும் ஒருவரையும் கேட்கவில்லை, காரியஸ்தர் சொன்னதை எழுதினேன், அது தவறு என்று சொன்னேன். பிறகு உங்களை. வக்கீல் ஏட்டை விரலால் புரட்டிவிட்டுச் சிரித்தார்.

"டாக்டர், நீங்க நாடி பாக்கப் போனீங்களா, வீட்டுக் கணக்கு எடுக்கப் போனீங்களா?"

"நாடி பாக்கத்தான். தூக்கம் கலையாத ஆளோட நாடிய அவர் படுத்திருக்கிற இடத்துலதான் பாக்க முடியும்."

"அன்னிக்கு அவங்க விருந்தாளியா வந்து படுத்திருக்கலாமே?"

"முக்கால் வருஷமாவா?"

வராந்தாவிலிருந்து காத்தாயி குரல் கேட்டது. "விருந்தாளின்னா ஒரு நாளாச்சும் இலை போட்டிருக்கணும்ல." விசாரணை அதிகாரி சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார். வக்கீல் விடவில்லை. நான்காவது வீட்டுக்கு நேரே ஏன் காலி என்று கேட்டார். அன்று அங்கே யாரும் இல்லை, அதனால் எழுதவில்லை என்றீர்கள். அதிகாரி பேனாவை வைத்துவிட்டு உங்களை நிமிர்ந்து பார்த்ததை நான் கவனித்தேன். அந்த ஒரு வெற்றிடம்தான் மற்ற எல்லாப் பெயர்களையும் அவரை நம்ப வைத்தது. இது என் ஊகமில்லை. உத்தரவில் அப்படியே எழுதியிருந்தார்.

சின்னையன் வீட்டைத் தவிர மற்ற எல்லா வீட்டுக்கும் பட்டா வந்தது. அது வந்த வாரமே காத்தாயி தன் மனையில் நடுவே கயிறு கட்டிப் பாதியைச் சின்னையனுக்கு விட்டார். எழுத்து எதுவும் இல்லை. பிறகு உங்களைப் பார்த்து, இப்ப எழுதிக்குங்க என்று மட்டும் சொன்னார். அன்றோடு அந்தப் பேசாத காலம் முடிந்தது.

நீங்கள் முன்பே எழுதிக் கொடுத்திருந்த அறிக்கையைப் பண்ணை திருப்பி அனுப்பியது. தியானம் கோபத்தைத் தணிக்கிறது என்று ஒரே ஒரு வாக்கியம் சேர்த்தால் அச்சிட்டுத் தருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். அளந்ததில் அது இல்லை என்று பதில் எழுதினீர்கள். ஆறே மாதத்தில் ஆராய்ச்சியின் வாடையே இல்லாத ஒரு மாவட்டத்துக்கு உங்களை மாற்றினார்கள். ஓய்வு பெறும்வரை சளிக்கும் காய்ச்சலுக்கும் மருந்து எழுதினீர்கள். ஏடு ஏதோ ஓர் ஆவண அறையில் பசையோடு கிடக்கிறது, அல்லது கரையான் தின்றிருக்கும். நான் இரண்டு முறை மனுப் போட்டுத் தேடினேன், கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு எத்தனை வருடம் செய்தி எழுதினேன். நில உச்சவரம்பு, பினாமிப் பட்டா, தண்ணீர் வராத சம்பா, ஆட்சி மாறியதும் கரை மாறிய வேட்டிகள். எந்த ஊருக்குப் போனாலும் விடிவதற்கு முன் போய்விடுவேன். யார் எங்கே தூங்கி எழுந்திருக்கிறார் என்று பார்த்த பிறகுதான் மற்றதைக் கேட்பேன். கூட வந்த இளையவர்களுக்கு அது கிறுக்காகத் தெரிந்தது. தினம் இருபது நிமிடம் உட்காரவும் செய்கிறேன். நன்றாக இருக்கிறது, மறுக்கவில்லை. நாடி இறங்குகிறது. எதன் மேல் கோபம் என்பது தெளிவாகத் தெரிகிறது.

உங்கள் ஊர்க் கபரஸ்தானில் மூன்று பிடி மண் போட்டுவிட்டுத் திரும்பியபோது, பள்ளிவாசல் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படித்தேன். சாந்தமே உருவானவர், வாழ்நாளில் யாரையும் எதிர்த்து ஒரு சொல் பேசாதவர் என்று போட்டிருந்தார்கள். அன்பாக எழுதியதுதான். என் பழைய பத்திரிகையும் கூப்பிட்டது. தியான ஆராய்ச்சியில் முன்னோடி, அமைதியின் தூதர், அந்த மாதிரி நான்கு பத்தி கொடுங்கள் என்றார்கள்.

போன வாரம் கீழத்தெருவுக்குப் போனேன். கருக்கலில்தான். காத்தாயிக்குப் பார்வை மங்கிவிட்டது, குரலை வைத்துத் தெரிந்துகொண்டார். பேத்தி திருவாரூரில் பேராசிரியர் வேலையில் இருக்கிறாள், வீட்டுக்கு மாடி எடுத்திருக்கிறார்கள், சுவருக்கு அந்தப் பக்கம் சின்னையன் மகன் வீடு. நீங்கள் போனதைச் சொன்னேன்.  எப்போது, எங்கே அடக்கம் என்று கேட்டார். முன்பே சொல்லியிருந்தால் வேன் பிடித்து எல்லோரும் வந்திருப்போமே என்று என்னைக் கடிந்துகொண்டார். பத்திரிகையில் எழுதச் சொல்லியிருக்கிறார்கள் என்றேன், அவர்கள் கேட்டதையும் சொன்னேன்.

"சாந்தமா இருந்தாரு, சாந்தமா இருந்தாருன்னு எழுதிடாதீங்க," என்றார். "அது பண்ணை கேட்டது. எங்களுக்காக சண்டை போட்டாரு. எங்களோடயும் போட்டாரு. நாடி ஏறாம போட்டாரு. அத எழுதுங்க."

எழுதிவிட்டேன், டாக்டர். இந்தக் கடிதம்தான் அது, நான்கு பத்திக்கு மேல் போய்விட்டது. நாளைக்குக் கும்பகோணம் போய் நானே நேரில் கொடுக்கப் போகிறேன். ஒரு வரி குறைக்கச் சொன்னாலும் வாங்கி மடித்துக்கொண்டு வந்துவிடுவேன். இந்த முறை வாதாடுவதோடு நிற்க மாட்டேன்.